மாதக் கணக்கும் மாரிக் கணக்கும்

நம்முடைய பாடசாலைகளில் குடும்ப வரவு செலவு பற்றிய பாடம் நடக்கின்றது. கரும்பலகையின் இடப்பக்கத்தில் ‘மாத வருமானம்’ என்று எழுதுகின்றோம். வலப்பக்கத்தில் உணவு, உடை, கல்வி, மருந்து, சேமிப்பு என்று செலவுகளை வரிசைப்படுத்துகின்றோம். இரு பக்கமும் ஒத்து வந்தால் அது கட்டுப்பாடான குடும்பம். வலப்பக்கம் மிஞ்சினால் அது சிக்கனம் அறியாத குடும்பம். பாடம் இவ்வளவே. ஆனால், கல்முனைக் கரையோரத்துப் பாடசாலை ஒன்றில் மீனவர் வீட்டுப் பிள்ளை ஒன்று எழுந்து, “சேர், எங்கள் வாப்பாவுக்கு மாத வருமானம் என்று ஒன்று இல்லையே, இடப்பக்கத்தில் எதை எழுதுவது?” என்று கேட்குமானால், நாம் என்ன விடை கூறுவோம்?

இந்தக் கேள்வி ஒரு பிள்ளையின் கேள்வி மட்டுமன்று. மருதமுனையில் தறி வைத்திருப்பவரும், சாய்ந்தமருதில் சிறு தோணி வைத்திருப்பவரும், சம்மாந்துறையில் இரண்டு ஏக்கர் வயல் செய்பவரும், நிந்தவூரில் பன்பாய் இழைக்கும் பெண்ணும் ஒன்றாகச் சேர்ந்து கேட்கும் கேள்வி அது. இவர்களுக்கு மேல் முதலாளி இல்லை என்று சொல்லப்படுகின்றது. ஆகவே சம்பள நாளும் இல்லை. மாதம் என்பது சம்பளக்காரரின் அளவை. கடலுக்கும் வயலுக்கும் அந்த அளவை தெரியாது.

ஒழுங்கற்ற வருமானத்தை வைத்துக்கொண்டு ஒழுங்கான குடும்பம் நடத்துவது எவ்வாறு? இதற்கு விடையாகச் சிக்கன உபதேசங்கள் நிறைய உண்டு. நாமோ உபதேசத்திற்குப் போகுமுன் வரலாற்றைக் கேட்க விரும்புகின்றோம். ஏனெனில் இக்கரையோர மக்கள் இக்கேள்வியை இன்று புதிதாகச் சந்திக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சந்தித்து, தமக்கென்று சில வழிகளை வகுத்தும் வந்துள்ளனர். அவ்வழிகள் எங்கே வென்றன, எங்கே தோற்றன, தோற்றபோது ஆதாயம் பெற்றவர் யார் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு பருவங்கள், ஒரு பசி

மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று தெற்கே இறங்கும் இந்தக் கரையோரம் ஒடுங்கியதொரு மண் பட்டை. கிழக்கே வங்கக்கடல்; மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல். இரண்டுக்கும் நடுவே வீடுகள் தோளோடு தோள் நெருங்கி நிற்கின்றன. முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறி மாறி வருகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, ஒரு கையில் கடலும் மறு கையில் வயலும் உள்ள மக்களுக்கு என்ன குறை என்றே தோன்றும்.

ஆனால் பருவத்தைக் கவனிக்க வேண்டும். வடகீழ்ப் பருவக்காற்று கார்த்திகையில் மழையைக் கொண்டுவருகின்றது. ஏறத்தாழ நவம்பர் முதல் பெப்ரவரி வரை கடல் கொந்தளித்துக் கிடக்கும். கரைவலை இழுக்க இயலாது. சிறு தோணிகள் மணலிலே கவிழ்ந்து கிடக்கும். பெரும்போக நெல் அதே மழையை நம்பி விதைக்கப்படுகின்றது. அறுவடை பெப்ரவரி, மார்ச்சில்தான். ஆகவே மார்கழி, தை மாதங்களில் வயல் பச்சைப்பசேலென்று நிற்கும். ஆனால் ஒரு மணி நெல்லையும் தராது. கடலோ மூடிக் கிடக்கும். இரு பெரும் தொழில்களும் ஒரே காலத்தில் கையை விரித்துவிடும் காலம் அது. கிழக்கில் ‘மாரி’ என்ற சொல்லுக்கு மழை என்று மட்டும் பொருள் கொண்டால் போதாது. அச்சொல்லுக்குள் அடுப்பின் கதையும் இருக்கின்றது.

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் இந்தப் பஞ்சாங்கத்தைப் பெரிதும் மாற்றியது. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துச் சேனாநாயக்க சமுத்திரம் எழுந்தது. மழையை மட்டும் நம்பியிருந்த பல வயல்களுக்கு வாய்க்கால் நீர் வந்தது. சிறுபோகமும் செய்ய முடிந்தது. ஆண்டுக்கு ஒரு முறை வந்த வருமானம் இரு முறை வரலாயிற்று. இது சிறிய மாற்றமன்று. எனினும் யாருக்கு எவ்வளவு காணி என்ற வழக்கு அன்றிலிருந்தே இம்மாவட்டத்தை விட்டு நீங்கவில்லை என்பதையும் மறத்தலாகாது. காணி இல்லாத கூலிக்கும், கடலையே நம்பியவருக்கும் அந்த நீர் பாயவில்லை. அவர்களுடைய மாரி முன்போலவே இருந்தது.

பங்கும் முற்பணமும்

பழைய ஒழுங்கில் இந்த வறண்ட மாதங்களை யார் சுமந்தார்? வயலில் போடியார், கடலில் வலை முதலாளி.

போடியாரிடம் காணியும் மாடும் விதைநெல்லும் இருந்தன. அவருக்குக் கீழ் முல்லைக்காரரும் கூலிகளும் உழைத்தனர். மாரியில் நெல் வேண்டுமென்றால் போடியார் வீட்டுக் களஞ்சியம் திறக்கும். சூடடிக்கும் நாளில் அந்த நெல் கணக்குப் பார்த்துக் கழிக்கப்படும். களத்தில் பொலி குவிந்திருக்கும். உழைத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோவதோ கழித்ததன் மிச்சம். போடியாரைக் கொடியவர் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவது வரலாறாகாது. மாரியில் அரிசி தந்தவர் அவரே. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓடிப்போய் நின்ற வாசலும் அவருடையதே. ஆனால் அந்த வாசலில் நின்றவர் அடுத்த போகத்தில் வேறு எவருடைய வயலுக்கும் போக முடியாது என்பதும் அதே உண்மையின் மறுபாதி.

கரைவலையின் கணக்கு இன்னும் தெளிவானது. பிடிபட்ட மீனை விற்ற பணத்தில் வலைக்கும் தோணிக்கும் ஒரு பங்கு. இழுத்த கைகளுக்கு ஒரு பங்கு. கீரி மீன் கரை புரண்டு வரும் நாளில் எல்லோர் மடியிலும் காசு. வலை வெறுமையாய் வரும் நாளில் எல்லோர் மடியும் காலி. நட்டத்தையும் பங்கிட்டுக்கொள்ளும் ஒழுங்கு இது. இதிலே கவனிக்கத்தக்க ஒரு நுட்பம் உண்டு. வலைக்கும் வயிறு உண்டு என்று முன்னோர் அறிந்திருந்தனர். வலை கிழியும், கயிறு நைந்து போகும், தோணி பழுதுபடும், ஆகவே மனிதர் தின்பதற்கு முன் வலைக்கு ஒரு பங்கு எடுத்துவைக்கப்பட்டது. ஆனால் வலையின் பங்கு வலைக்காரருடைய பங்காகவும் இருந்தது. மாரியில் இழுவைக்காரருக்கு அவர் கொடுத்த முற்பணம், வருகிற பருவத்தில் அவர்களுடைய கைகளை முன்கூட்டியே வாங்கிவிட்டது.

இந்த இரண்டுக்கும் வெளியே பெண்களின் கணக்கு ஒன்று நடந்து வந்தது; அது எந்தக் கொப்பியிலும் எழுதப்படவில்லை. உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியைத் திரும்ப எடுத்துப் பானையில் போட்டுவைப்பது. பாய் இழைத்துக் கிடைத்த காசைச் சீட்டில் கட்டுவது. சீட்டை மாரிக்குள் விழும்படி கேட்டு வாங்கிக்கொள்வது. கூறிவிற்கும் ஏலச் சீட்டில் கழிவு உண்டு. ஆனால் அயலவர் சேர்ந்து கட்டும் எளிய சீட்டில் பத்துப் பேர் கட்டுவதைப் பத்துப் பேரும் முறைவைத்து முழுதாகவே எடுப்பர். அதில் வட்டியும் இல்லை. ஆகவே மார்க்கத்துக்கு முரணும் இல்லை. உம்மாவின் கணக்கில் மாதம் இல்லை, மாரி இருந்தது.

இக்குடும்பங்களின் மிகப் பெரிய செலவையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, இப்பகுதியில் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பேணுவதையும், மகளுக்கு வீடு கொடுத்து மணம் முடிக்கும் வழக்கத்தையும் விரிவாக எழுதியுள்ளார். மூன்று பெண் பிள்ளைகள் என்றால் மூன்று வீடுகள். நல்ல பருவத்தில் கிடைத்த காசு கல்லாகவும் சீமெந்தாகவும் மாறிச் சுவராக எழும்பும். பெண்ணுக்குச் சொந்தக் கூரை கிடைப்பது இதிலுள்ள நன்மை. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் சுவரை உடைத்து மாரியில் உலை வைக்க முடியாது. சேமிப்பு முழுவதும் கல்லாகிவிட்ட குடும்பம், வீடு இருந்தும் கடைக்காரரிடம் கைநீட்டி நிற்கும். கைக்கூலியும் சேர்ந்துவிட்டால் அந்தக் கை மடங்குவதே இல்லை.

கரும்பலகையில் ஒரு கணக்கு

இனி, பிள்ளையின் கேள்விக்காக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பணத்தின் மதிப்பு ஆண்டுக்காண்டு மாறுவதால் ரூபாவை விட்டு, அலகுகளில் கணக்கிடுவோம். ஒரு குடும்பத்துக்கு மாதம் 36 அலகு தேவை என்று வைத்துக்கொள்வோம், ஆண்டுக்கு 432. கடல் திறந்திருக்கும் 8 மாதங்களில் மாதத்துக்கு 55 அலகு வருகின்றது, மொத்தம் 440. எஞ்சிய 4 மாதங்களில் வரவே இல்லை. ஆண்டு முடிவில் 8 அலகு மிச்சம். கரும்பலகைக் கணக்கின்படி இது சிக்கனமான குடும்பம். கடன் வரவே கூடாது.

ஆனால் ஆண்டு மாரியில் தொடங்குகின்றது என்று கொள்வோம். கையில் ஒன்றுமில்லை. 4 மாதங்களுக்கு 144 அலகு கடன் வாங்கவேண்டும். கொடுப்பவர் மீன் வியாபாரி. அவர் வட்டி கேட்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனைதான்: பருவம் முழுவதும் மீனைத் தமக்கே தரவேண்டும், சந்தை விலையில் ஐந்தில் ஒரு பங்கு குறைத்து. அவ்வாறாயின் 440 அலகு வருமானம் 352 ஆகின்றது. தேவை அதே 432. ஆண்டு முடிவில் 80 அலகு பள்ளம். அடுத்த மாரி இந்தப் பள்ளத்திலிருந்து தொடங்கும்.

குடும்பம் ஒரு சதமும் அதிகமாகச் செலவழிக்கவில்லை. உழைப்பும் குறையவில்லை. வரவேண்டிய பணம் வரவேண்டிய மாதத்தில் வரவில்லை என்ற ஒரே காரணத்தால், மிச்சம் வைத்திருக்கவேண்டிய குடும்பம் கடன்காரக் குடும்பமாயிற்று. 144 அலகு கடனுக்கு அது கொடுத்த விலை 88 அலகு, நூற்றுக்கு 61. அதே குடும்பத்திடம் மாரித் தொடக்கத்தில் 144 அலகு கையிருப்பு இருந்திருந்தால் இந்த 88ஐ எவருக்கும் கொடுத்திருக்க வேண்டியதில்லை. ஆகவே ஏழைக்கும் வசதியுள்ளவருக்கும் இடையே உள்ள வேறுபாடு சிக்கனத்தில் இல்லை. அந்த முதல் நான்கு மாத அரிசி யார் கையில் இருக்கின்றது என்பதில் இருக்கின்றது.

வட்டி என்ற சொல் இல்லாத வட்டி

வட்டியை இஸ்லாம் விலக்கியுள்ளது. இக்கரையோரத்தில் அந்த விலக்கு வெறும் ஏட்டுச் சட்டமன்று. மக்களின் மனச்சாட்சியில் வாழும் சட்டம். ஆனால் நாம் மேலே போட்ட கணக்கில் வட்டி என்ற சொல்லே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விலையைக் குறைத்து எடுப்பது, விளையுமுன் நெல்லை மலிவாகப் பேசிக்கொள்வது, கடனுக்குக் கொடுக்கும் உரத்துக்கு விலையைக் கூட்டுவது ஆகிய வடிவங்களில் அது வேடம் மாறி வருகின்றது.

மார்க்க நூல்கள் இந்நிலையை அறியாதவை அல்ல. நபிகள் நாயகம் மதீனாவுக்கு வந்தபோது, மக்கள் ஓராண்டு, ஈராண்டு கழித்து வரும் பழங்களுக்கு முன்கூட்டியே பணம் கொடுத்து வந்ததைக் கண்டு, அளவும் நிறையும் தவணையும் திட்டமாகக் குறிக்கப்பட வேண்டும் என்று பணித்ததாக ஹதீஸ் நூல்கள் கூறும். ‘ஸலம்’ எனப்படும் அந்த ஒப்பந்தம், பருவ வருமானக்காரருக்கு மாரிப் பணம் கிடைக்கச் செய்யும் வழி. வேளாண்மையின் ஸக்காத்தோ அறுவடை நாளில் கொடுக்கப்படவேண்டியது. மழையால் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று, பாடுபட்டு நீர் இறைத்ததற்கு இருபதில் ஒன்று. சேமித்த செல்வத்துக்கோ ஓராண்டு நிறையவேண்டும். அறுவடையும் ஆண்டுமே இங்கு அளவை, மாதம் அன்று. உழைப்புச் செலவு கூடினால் கடமை பாதியாகக் குறைகின்றது. பருவத்தில் வாழும் மக்களின் வரவு செலவை அறிந்த சட்டம் இது.

ஆனால் ஒப்பந்தத்தில் அளவையும் தவணையையும் குறித்துவிடலாம். இரு தரப்பாருடைய வயிறும் ஒன்றாகப் பசிப்பதில்லையே! ஒருவருக்கு இன்றே அரிசி வேண்டும். மற்றவர் அடுத்த மாதம் வரை காத்திருக்கலாம். பசி பேரம் பேசாது. மார்க்கச் சட்டத்தின் ஓரத்தை மீறாமலே அதன் உள்ளத்தை மீறிவிட முடியும் என்பதற்கு நமது களங்களும் கரைகளும் சாட்சி.

சங்கமும் அரசும்

மாரி அரிசியைத் தனியார் கையிலிருந்து மீட்டுப் பொதுக் கையில் வைக்கும் முயற்சி சென்ற நூற்றாண்டின் வரலாறு. ஜெர்மனியில் ரைபைசன் 1864இல் ஹெடஸ்டோர்பில் தொடங்கிய கிராமக் கடன் சங்கத்தின் கருத்து, உலகைச் சுற்றிக்கொண்டு 1911ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டமாக இலங்கைக்கு வந்தது. 1934இல் வங்கித்துறை ஆணைக்குழு உட்கார்ந்தது; அதன் விளைவாக 1939இல் இலங்கை வங்கி தோன்றியது. 1948இல் நெல்லுக்கு உத்தரவாத விலைத் திட்டம் வந்தது. 1957இல் பிலிப் குணவர்த்தன அமைச்சராக இருந்த காலத்தில் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. அவர் கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் 1958இல் நிறைவேறியது. அதே 1958இல் நெற்பயிர்க் காப்புறுதி பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டது. 1961இல் மக்கள் வங்கியும், 1964இல் மீன்பிடிக் கூட்டுத்தாபனமும், 1971இல் நெல் சந்தைப்படுத்தும் சபையும் அமைந்தன.

உத்தரவாத விலை என்பது என்ன? விவசாயியின் கரும்பலகையில் இடப்பக்கத்தில் ஓர் எண்ணை உறுதியாக எழுத முடியும் என்பதே அதன் பொருள். எத்தனை மூடை விளையும் என்பது வானத்தின் கையில். ஒரு மூடைக்கு என்ன கிடைக்கும் என்பதாவது தெரிந்திருந்தது. இது பெரிய விடுதலை.

எனினும் உண்மையை மறைக்கலாகாது. 1957இல் நடந்த கிராமியக் கடன் ஆய்வு, கிராம மக்களின் கடனில் அரசும் கூட்டுறவும் கொடுத்தது பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்று காட்டியது. மிகுதியெல்லாம் உறவினர், கடைக்காரர், காணிக்காரர், வட்டிக்காரர் கொடுத்தவை. காரணம் தெளிவு. சங்கம் விதைக்கும் உரத்துக்கும் கடன் கொடுத்தது; உலைக்குக் கொடுக்கவில்லை. கடைக்காரரோ உலைக்குக் கொடுத்தார். ஒரு போகம் பொய்த்துக் கடன் தவறியவர் அடுத்த போகத்தில் சங்கத்தின் வாசலை மிதிக்க முடியாது. கடைக்காரரின் வாசல் அப்போதும் திறந்தே இருந்தது. உறுதியான காணி உறுதி இல்லாதவர், குத்தகைக்குச் செய்பவர், தறிக்காரர், இழுவைக்காரர் எல்லோரும் இந்த ஏற்பாடுகளின் ஓரத்திலேயே நின்றனர்.

மருதமுனையின் கதை தனியே சொல்லத்தக்கது. 1970 முதல் 1977 வரை துணி இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த ஆண்டுகளில் அவ்வூரின் கைத்தறிச் சாரத்துக்கு நாடெங்கும் கேள்வி இருந்தது. 1977இன் இறுதியில் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. மலிவான வெளிநாட்டுத் துணி வந்து குவிந்தது. தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கடலுக்கு மாரி நான்கு மாதம். தறிக்கு வந்த மாரிக்கு முடிவே தெரியவில்லை. எந்த வீட்டு நெசவாளர் தம் வரவு செலவுத் திட்டத்தில் நிதியமைச்சரின் தீர்மானத்துக்கு ஒரு வரி ஒதுக்கி வைத்திருக்க முடியும்?

வாரத் தவணை

1980களில் தொடங்கிய போரின் ஆண்டுகளில் கடலில் தடையும் வயல்வழியில் அச்சமும் சேர்ந்துகொண்டன. 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை எழுந்தது. இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. மருதமுனையிலும் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் கரையை அண்டியிருந்த மகள் வீடுகள் ஒரு காலைப்பொழுதில் அத்திவாரங்களாயின. பத்து ஆண்டுப் பருவங்களின் சேமிப்பு அதிலே கரைந்தது. அயலவர் சேர்ந்து கட்டும் சீட்டு, ஒருவருக்குத் துன்பம் வரும்போது ஒன்பது பேர் தாங்கும் ஏற்பாடு. பத்துப் பேருக்கும் ஒரே காலையில் துன்பம் வந்தால் அதற்குத் தாங்கும் வலு ஏது? மாரியும் அப்படித்தான். கடல் எல்லோருக்கும் ஒரே நாளில் மூடுகின்றது. ஒத்த தொழில் செய்யும் ஏழைகள் தமக்குள் மட்டும் பங்கிட்டுக்கொள்வதால் பொதுத் துன்பம் தீராது என்பதை இது நமக்கு உணர்த்துகின்றது.

அந்த வெற்றிடத்தில் நுண்கடன் வந்து நுழைந்தது. பெண்களைக் குழுவாகக் கூட்டி, ஒருவருக்கு மற்றவரைப் பிணையாக்கி, கடன் கொடுத்து, வாரந்தோறும் தவணை அறவிடும் முறை அது. வருமானம் பருவத்துக்கு வருகின்றது. தவணையோ வாரத்துக்கு வருகின்றது. இந்தப் பொருத்தமின்மையே அழிவுக்குக் காரணமாயிற்று. மாரியில் வாரத் தவணை கட்ட இன்னொரு நிறுவனத்தில் கடன். அதற்குத் தவணை கட்ட மூன்றாவதில் கடன். 2016இல் நுண்நிதிச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனாலும் 2018இல், வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் தவணை கட்ட இயலாத பெண்களின் 1 இலட்சம் ரூபா வரையிலான கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசே அறிவிக்கவேண்டியதாயிற்று. இக்கடன்களுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 35 என்று வட்டி உச்சவரம்பு வைத்ததை ஒரு சீர்திருத்தமாகக் கொண்டாடினர் என்றால், வரம்பு இல்லாதபோது இருந்த நிலையை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

செலவுப் பக்கமும் அசையாமல் நிற்கவில்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. தடை நீங்குமுன் பெரும்போகம் தொடங்கிவிட்டது. விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் ஏறியது. தோணியின் வெளியிணைப்பு இயந்திரம் குடிப்பது மண்ணெண்ணெய். வலையின் வயிறு ஒரே இரவில் நான்கு மடங்கு பெருத்தால், மனிதரின் வயிற்றுக்கு என்ன மிஞ்சும்?

ஓய்வுகாலத்தைப் பற்றியும் ஒரு சொல். சம்பளக்காரருக்கு ஊழியர் சேமலாப நிதி 1958இல் வந்தது. விவசாயிகளுக்கு ஓய்வூதியச் சட்டம் 1987இல் வந்தது; மீனவருக்கு 1990இல்; ஏனைய சுயதொழிலாளருக்கான சமூகப் பாதுகாப்புச் சபைச் சட்டம் 1996இல். சம்பளக்காரருக்குப் பின்னால் மீனவர் 32 ஆண்டுகள் வரிசையில் நின்றார். விவசாயிகளின் ஓய்வூதியமும் 2010களின் தொடக்கத்தில் நிதி போதாமல் தடைப்பட்டு, 2014இல்தான் மீண்டும் தொடங்கியது. களஞ்சியத்தைக் கட்டினால் போதாது. அதை நிரப்பவும் வேண்டும்.

யூசுப் நபியின் களஞ்சியம்

சிக்கனத்தை உபதேசிப்போர் இரு சான்றுகளை நம்முன் வைப்பர். ஒன்று வள்ளுவர். வருவாய் வழி சிறிதாயினும் செலவு வழி அகலாதிருந்தால் கேடில்லை என்று அவர் கூறினார். அக்குறள் எங்கே இருக்கின்றது? பொருட்பாலில், அரசியலில், வலியறிதல் என்னும் அதிகாரத்தில். அது அரசனை நோக்கிய சொல். ஒடுங்கிய வாய்க்காலைப் பற்றி அவர் பேசுகின்றார். எட்டு மாதம் ஓடி நான்கு மாதம் வறண்டுபோகும் வாய்க்காலைக் காட்டி ஏழையைக் குற்றஞ்சாட்டவில்லை.

மற்றது யூசுப் நபியின் வரலாறு. ஏழு ஆண்டு செழிப்பும் ஏழு ஆண்டு பஞ்சமும் வரும் என்று கனவுக்குப் பொருள் கூறிய அவர், உண்பதற்குச் சிறிது போக மிகுதியைக் கதிரோடே சேமித்துவைக்கச் சொன்னதாகத் திருக்குர்ஆன் கூறுகின்றது. இதை ஒவ்வொரு குடும்பமும் தன் மூலையில் சேமித்த கதையாகச் சொல்வது தவறு. யூசுப் நபி நாட்டின் களஞ்சியங்களுக்குத் தம்மைப் பொறுப்பாக்குமாறு அரசனிடம் கேட்டார். அவர் நடத்தியது குடும்பக் கணக்கன்று, பொதுக் கணக்கு. பஞ்சத்துக்குத் திட்டமிடும் கடமை அரசின் கடமை என்பதற்கு இதைவிடப் பழைய சான்று வேண்டியதில்லை.

அதே வரலாற்றின் விவிலிய வடிவில் இன்னொரு செய்தியும் வருகின்றது. பஞ்சம் நீடித்தபோது மக்கள் தானியத்துக்காக முதலில் பணத்தையும், பின்பு மந்தைகளையும், இறுதியில் நிலத்தையும் மன்னனுக்குக் கொடுத்துவிட்டனர். களஞ்சியத்தின் சாவி எவர் கையில் உள்ளதோ, நிலமும் நாளடைவில் அவர் கையைச் சேரும். ஆகவே களஞ்சியம் இருந்தால் மட்டும் போதாது. சாவி மக்கள் கையில் இருக்கவேண்டும். போடியாரின் களஞ்சியம் முதல் நுண்கடன் நிறுவனத்தின் பெட்டகம் வரை நாம் கண்ட வரலாறு இதுவே.

பிள்ளைக்கு விடை

இனி அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். கரும்பலகையை அழித்துவிட்டு வேறு விதமாக எழுதுவோம்.

மாதத்தை விட்டு ஆண்டை எழுதுவோம். அதையும் ஜனவரியில் தொடங்காமல், கடல் மூடும் கார்த்திகையில் தொடங்குவோம். கணக்கு வறண்ட மாதத்தில் தொடங்கினால்தான் ஏமாற்றாது. வரவில் முதல் பங்கை, முன்னோர் செய்ததுபோல, வலைக்கும் தறிக்கும் விதைக்கும் எடுத்துவைப்போம். சொந்தத் தோணி வைத்திருப்பவர் தாமே வலைக்காரர், தாமே இழுவைக்காரர் என்பதை மறந்து இரு பங்கையும் உண்டுவிடுகின்றார். எஞ்சியதில் வாப்பா தமக்குத் தாமே ஒரு சம்பளம் நிர்ணயித்துக்கொள்ளட்டும். அதை நல்ல மாதத்தின் வரவைக் கொண்டு அளக்காமல், கடந்த ஆண்டுகளில் மோசமானதன் வரவைப் பன்னிரண்டாக வகுத்து அளக்கட்டும். மீன் கரை புரண்டு வந்த நாளிலும் அந்தச் சம்பளமே வீட்டுக்குப் போகட்டும், மிகுதி மாரிக்கு. சீட்டு மாரிக்குள் விழட்டும். உம்மாவின் பிடியரிசிக் கணக்கை எழுத்தில் எழுதி, அது கணக்கே என்று பிள்ளைகளுக்குக் காட்டுவோம். வீட்டுச் சுவருக்குக் கல் வாங்குமுன் நான்கு மாத அரிசி ஒதுக்கப்பட்டிருக்கட்டும். கைக்கூலி என்னும் வரியை அடியோடு அழித்துவிடுவோம்.

இவை வீட்டுக்குள் செய்யத்தக்கவை. ஆனால் நாம் போட்ட கணக்கை மறந்துவிடக் கூடாது. முதல் மாரிக்கான 144 அலகு இல்லாத குடும்பத்துக்கு இவ்வளவு அறிவுரையும் கரையில் நின்று நீச்சல் சொல்லிக்கொடுப்பது போன்றதே. அந்த முதல் கையிருப்பைச் சமுதாயம்தான் தரவேண்டும். எங்கிருந்து? இங்கேதான் ஆசிரியராகிய நம் பங்கு வருகின்றது. கடல் மூடும்போது மீனவர் எல்லோருடைய கையும் ஒன்றாகக் காலியாகின்றது. ஆனால் ஆசிரியரின் சம்பளம் மார்கழியிலும் வருகின்றது. மாதச் சம்பளக்காரர், விவசாயி, மீனவர், தறிக்காரர் ஆகியோரும் தமிழரும் முஸ்லிமும் ஒரே கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால், ஒருவருடைய ஒழுங்கான சேமிப்பு மற்றவருடைய மாரிக்கு உதவும். அறுவடையிலும் மீன்பருவத்திலும் அது திரும்பி வரும். தனித்தனித் தொழிலுக்குத் தனித்தனிச் சங்கம் என்ற அமைப்பில் இது நிகழாது. தவணை வாரத்துக்கன்றிப் பருவத்துக்கு; கடன் விதைக்கு மட்டுமன்றி உலைக்கும்; விலைக்கு உத்தரவாதம்; முதுமைக்கு நிரப்பப்பட்ட ஓய்வூதிய நிதி. இவற்றை அரசிடம் கேட்பது பிச்சையன்று, உரிமை.

பாடம் முடியும்போது பிள்ளை தன் கொப்பியில் இடப்பக்கத்தில் ‘ஆண்டு வருமானம்’ என்று எழுதட்டும். அதன்கீழ் முதல் வரியாக, ‘மாரிக்கு ஒதுக்கியது’ என்று எழுதட்டும். அந்த வரிக்கு நேரே எழுத எண் இல்லையென்றால் அது வாப்பாவின் ஊதாரித்தனமன்று என்பதை அப்பிள்ளைக்குத் தெளிவாகச் சொல்லுவோம். அந்த வெற்றிடத்தை நிரப்ப நாம் எந்தச் சங்கத்தில் சேர்ந்திருக்கின்றோம் என்பதையும் சொல்லக்கூடிய நிலையில் நாம் இருக்கவேண்டும்.